செலானின் பின்பக்கம்

அன்புள்ள ராஜி,

ஏட்டி, நலமா? இங்கே எல்லாரும் நலம். அம்மாவின் முழங்கால் வலி அப்படியேதான் இருக்கிறது. பையன் கணக்கை விட்டுவிட்டு வணிகவியல் எடுத்துவிட்டான். சமாச்சாரம் அவ்வளவுதான்.

"எழுதுறியா, இல்லையா?" என்று ஆவணியில் நீ அனுப்பிய வாய்ஸ் மெசேஜுக்கு மாசியில் பதில் எழுதுகிறேன். திட்டுவதைக் கடைசியில் வைத்துக்கொள். முதலில் நடந்ததைக் கேள்.

போன செவ்வாய் எங்கள் கிளைக்கு ஆடிட்டர் வந்திருந்தார். சிரிக்கவே தெரியாத முகம். நகைக்கடன் விண்ணப்பங்களைப் புரட்டிக்கொண்டே வந்தவர் நடுவிலிருந்து ஒரு செலானை உருவினார். பின்பக்கம் என் கையெழுத்து. மேனேஜர், நகையை மதிப்பிடுகிற அப்ரைசர், கூட்டிப் பெருக்குகிற அக்கா எல்லாரும் நிற்கும்போதே சத்தமாகப் படித்தார்: "அவள் சங்கிலியை மீட்க வரவில்லை. பார்க்க வந்தாள்."

எனக்குக் காதெல்லாம் சூடாகிவிட்டது.

"யாரு இந்தப் பார்ட்டி? லோன் நம்பர் என்ன?"

"கதை சார்."

"கதையா?" என்றார், கவரிங் நகைக்குக் கடன் கொடுத்துவிட்டதுபோல. செலானைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மேனேஜர் அந்தப் பக்கம் போனதும் குரலைத் தாழ்த்தி, "அப்புறம் மீட்டாங்களா?" என்று கேட்டார்.

நாலு வருஷத்தில் எனக்குக் கிடைத்த ஒரே வாசகர். அவரிடம் "தெரியாது சார்" என்றேன்.

அன்று ராத்திரி கைப்பை, டிபன் பை, பழைய டைரி எல்லாவற்றையும் கொட்டித் தேடினேன். பதினேழு செலான்கள். எல்லாவற்றிலும் முதல் வரி, கூடிப்போனால் இரண்டாவது வரி. ஹாஸ்டல் கையெழுத்துப் பத்திரிகையில் கதைக்குக் கதை 'தொடரும்' போட்டு வார்டனிடம் வாங்கிக் கட்டிக்கொண்டாயே, அந்தச் சாபம் உன்னை விட்டுவிட்டு என்னைப் பிடித்துக்கொண்டது.

நேரமில்லை என்று நான் சொன்னால் நம்பாதே. பத்து மணிக்கு மேல் ஒன்றரை மணி நேரம் எனக்கே எனக்குத்தான். அதில் யாரோ ஒரு பெண் வாழைப்பூ ஆய்வதைப் போனில் பார்த்துக்கொண்டிருக்கிறேன். நீ சொல்லும் உதாரணங்களும் பலிக்கவில்லை. எழுத்தாளர் காஃப்கா இன்சூரன்ஸ் ஆபீஸ் வேலையோடு 1912 செப்டம்பரில் ஒரு நாள் ராத்திரி பத்து மணிக்கு உட்கார்ந்து, காலை ஆறு மணிக்குள் ஒரு முழுக்கதையை முடித்தார் என்றாய். அவருக்கு ஆபீஸ் மதியம் 2 மணிக்கு முடிந்துவிடும் என்பதை ஏன் சொல்லவில்லை? தபால் துறையில் இருந்த ஆங்கில நாவலாசிரியர் ட்ரோலப் காலை 5.30க்குக் கடிகாரத்தை எதிரில் வைத்துக்கொண்டு கால் மணிக்கு 250 சொல் எழுதினாராம். காபியோடு வந்து எழுப்பிவிட ஒரு வேலையாள், அதற்கென்று வருஷத்துக்கு 5 பவுண்டு தனியாக! எங்கள் வீட்டில் காலை 5.30க்குக் காபி போடுவது யார் என்று உனக்குத் தெரியும். கி.ரா. முப்பதைத் தாண்டித்தான் எழுத வந்தார் என்ற உன் ஆறுதலும் காலாவதியாகிவிட்டது. எனக்கு 47.

இன்னொரு கூத்து. ஒரு பாத்திரத்தை அறிமுகம் செய்ய உட்கார்ந்தால் பெயர், கணவர் பெயர், தொழில், ஆண்டு வருமானம் என்று கேஒய்சி படிவம்தான் வருகிறது. போன மாதம் ஒரு காதல் காட்சியில் "மேற்படி நபர்" என்று எழுதியிருக்கிறேன். சிரிக்காதே. அதையாவது அடித்துத் திருத்திவிடலாம். இதை என்ன செய்ய?

அந்தச் சங்கிலிக்காரி நிஜம். ஆறு வருஷமாக வருகிறாள். அவள் அம்மாவின் இரட்டைவடம், ஐந்து பவுன். வட்டியைக் கட்டி மாற்றி வைப்பாள். மாற்றி வைக்கும்போது நகையை வெளியே எடுத்து உரைத்து எடை போடுவோம் இல்லையா, அது முடிந்ததும் "ஒரு நிமிஷம் தாங்கம்மா" என்று வாங்கி உள்ளங்கையில் சுருட்டி வைத்துக்கொண்டு சும்மா நிற்பாள். ஒரு தடவைகூடக் கழுத்தில் போட்டுப் பார்த்ததில்லை. "வருஷா வருஷம் கல்லுல உரசியே பாதி தேஞ்சிரும் போல" என்பாள். அப்ரைசர் சிரிப்பார். போன தடவை நிஜமாகவே 20 மில்லி குறைந்திருந்தது. நான் அவளிடம் சொல்லவில்லை.

இதை எழுதலாமா, ராஜி? யார் வீட்டு நகை எங்கே இருக்கிறது என்பதைக் கூடப்பிறந்தவர்களுக்கே சொல்லாத ஊர் இது. கண்ணாடிக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்திருப்பதால் எனக்குத் தெரிகிறது. ஐந்து பவுனை மூன்றாக்கலாம், சங்கிலியை வளையலாக்கலாம், ஊரை மாற்றலாம். உள்ளங்கையை மாற்ற முடியாது. அதை எடுத்துவிட்டால் அங்கே கதையே இல்லை. ஆனால் அதைப் படித்தால் அவள் கண்டுபிடித்துவிடுவாள்.

இந்த வருஷம் அவள் வரவில்லை. கெடு தாண்டி நாலு மாதம் ஆகிறது. போனை எடுக்கவில்லை. ஏல நோட்டீஸ் போய்விட்டது. அச்செடுத்து, கையெழுத்து வாங்கி, உறையில் போட்டு ஒட்டியது நான்தான். ஆறு வருஷமாக அவளைப் பற்றி எழுத நினைத்தவள் அவளுக்கு எழுதியது அது ஒன்றுதான்.

ஆடிட்டர் செலானைத் திருப்பித் தரவில்லை. அதனால் முதல் வரியை மறுபடி எழுத வேண்டியதாயிற்று. எழுதியபோது கூடவே ஆறு பக்கம் வந்தது. அவள் கையை மூடுகிற இடம்வரை. நகல் இத்துடன் இருக்கிறது. பங்குனி இரண்டாம் வாரம் ஏலம். அதற்குள் முடித்துவிட வேண்டும் என்று ஏனோ ஒரு பைத்தியக்கார அவசரம்.

படித்துவிட்டு, எழுதலாமா கூடாதா என்று மட்டும் சொல். "நல்லாயிருக்கு" என்று மழுப்பினால் ஓசூருக்கே வந்து உதைப்பேன். வாய்ஸ் மெசேஜ் வேண்டாம், கடிதம் போடு. அடியில் 'தொடரும்' போடாதே.

உன்,
செல்வி