பிளக்கில் சொருகும் முன்

அன்புள்ள குமாருக்கு நைனா எழுதுவது.

செவ்வாய்க்கிழமை பகல் பதினொன்றரைக்கு நீ அனுப்பிய போட்டோ கிடைத்தது. ஜன்னல் வெளிச்சத்தில் எடுத்திருக்கிறாய், திருகு முதற்கொண்டு தெரிகிறது. ஒலிவெட்டி டிவிசும்மா 24, மோட்டாரில் ஓடும் பழைய கணக்கு மிஷின். நல்ல மிஷின். இன்னும் கரண்ட் கொடுக்கவில்லை என்று ஒரு வரி எழுதியிருந்தாயே, அதற்காகத்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். கொடுக்காதே. இந்தக் கடிதத்தை முழுக்கப் படிக்கும்வரை பிளக்கில் சொருகாதே.

முதலில் அடித்தகட்டில் எத்தனை வோல்ட் என்று படி. வெளிநாட்டிலிருந்து வந்து இறங்கியவற்றில் 110, 125 என்றும் இருக்கும். நம்முடையது 230. தகடு அழிந்திருந்தால் மோட்டார் மேல் பார். அங்கும் இல்லையென்றால் வேலையை நிறுத்திவிட்டு எனக்குச் சொல். குத்துமதிப்பாக எதுவும் செய்யாதே.

அடுத்தது கரண்ட் வேலை என்று நினைப்பாய். இல்லை, கிரீஸ். முப்பது நாற்பது வருடம் சும்மா கிடந்த மிஷினில் கிரீஸ் காய்ந்து கோந்தாகியிருக்கும். கம்பிகளும் பல்சட்டங்களும் ஒன்றோடொன்று ஒட்டிக்கிடக்கும். அந்த நிலையில் கரண்ட் கொடுத்தால் மோட்டார் இழுக்கப் பார்க்கும், இழுக்க முடியாமல் நிற்கும். நின்ற மோட்டார்தான் அதிகக் கரண்ட் குடிக்கும், அரை நிமிடத்தில் காயில் வாசனை வந்துவிடும்.

மூடியைக் கழற்று. எல்லாப் பக்கமும் போட்டோ எடு. ஒவ்வொரு ஸ்பிரிங்கும் எந்தக் கொக்கியில் மாட்டியிருக்கிறது என்பது தெரியவேண்டும். வொயிட் பெட்ரோலைப் பழைய பல் பிரஷில் தொட்டுத் தொட்டு ஒவ்வொரு மூட்டிலும் விடு. கீ மேல் படாமல் பார்த்துக்கொள், பிளாஸ்டிக்கும் எழுத்தும் போய்விடும். மோட்டார் பக்கமும் போகவேண்டாம். கதவைத் திறந்து வைத்துச் செய், ஒருநாள் முழுக்கக் காயவிடு. மோட்டாருக்குள் உரசிக் கரண்ட் கொடுக்கும் கார்பன் பிரஷில் பொறி வரும் என்பதை மறக்காதே, ஆவி இருந்தால் குப்பென்று பிடித்துக்கொள்ளும்.

துரு எடுக்கிற ஸ்பிரே வேண்டாம். அடித்தவுடன் எல்லாம் விடும், சந்தோஷமாக இருக்கும். கரைந்த பழைய கிரீஸை உள்ளே இழுத்துக்கொண்டு போய் ஒரு வாரத்தில் மறுபடி இறுக்கும். தேங்காய் எண்ணெய் வேண்டவே வேண்டாம். தையல் மிஷின் எண்ணெய், ஊசி முனையில் ஒரு சொட்டு, சுழல்கிற இடத்தில் மட்டும். காசிமேட்டுக் கடல்காற்றில் கிடந்திருந்தால் ஸ்பிரிங்கையும் பார்க்கவேண்டியிருக்கும். பெங்களூரில் கிடந்த மிஷின், அந்தக் கவலை இல்லை.

காய்ந்தபிறகு கூட்டல் கீயை அமுக்கிவிட்டு, மோட்டாரை அது ஓடுகிற திசையிலேயே விரலால் மெதுவாகச் சுற்று. மிஷின் ஒரு முழுச் சுற்று முடித்துத் தானாக நிற்கவேண்டும். எங்கே கனக்கிறதோ அங்கேதான் கோந்து. திருப்புளி வைத்து நெம்பாதே. பத்து நாள் ஆனாலும் ஆகட்டும். உனக்கு இப்போது நேரம் இருக்கும்போல் தெரிகிறது, இந்த வேலைக்கு அது நல்லதுதான்.

இதன் உள்வேலையைச் செய்தவர் நத்தாலே கப்பெல்லாரோ. இத்தாலியில் இவ்ரேயா ஊரில் ஒலிவெட்டி ஆலையில் சாதாரணத் தொழிலாளியாகச் சேர்ந்தவர். 1956ல் இந்த மிஷின் வந்தது. பிற்பாடு பல்கலைக்கழகமே அழைத்துக் கௌரவப் பட்டம் கொடுத்தது. நீ படித்தே வாங்கினாய், நம் தெருவில் முதல் எஞ்சினியர். அதை இன்றைக்கும் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறேன். ஆனால் மூன்று ஞாயிறாகப் போன் இல்லை. அம்மா வாசலுக்கும் போனுக்குமாக நடக்கிறாள். அவள் முட்டி வலி உனக்குத் தெரியும்.

இனி கரண்ட். பழைய ரப்பர் ஒயர் தொட்டால் உதிரும், மாற்று. மூன்று கோர் ஒயர் போட்டு எர்த்தை இரும்புச் சட்டத்தில் திருகு, பெயின்ட்டைச் சுரண்டிவிட்டுத் திருகு. மோட்டார் பக்கத்தில் பேப்பர் கண்டென்சர் இருக்கும். பார்க்க நன்றாக இருந்தாலும் தூக்கிப்போடு. ஈரம் ஏறி ஷார்ட் ஆகிப் புகையும். லைனுக்குக் குறுக்கே இருப்பதற்கு அதே மதிப்பில் எக்ஸ்2 வகை, 275 வோல்ட். லைனிலிருந்து பாடிக்குப் போவதற்கு ஒய்2 வகை மட்டும்தான். அங்கே வேறு எதையாவது போட்டு அது ஷார்ட் ஆனால் மிஷினைத் தொடுகிறவனுக்கு ஷாக். வேகத்தைக் கட்டுப்படுத்துகிற கவர்னர் காண்டாக்டுக்குக் குறுக்கேயும் ஒன்று இருந்தால் அதையும் மாற்று. அது ஷார்ட் ஆனால் கவர்னர் வேலை செய்யாது, மோட்டார் தறிகெட்டு ஓடும்.

கண்டென்சரைக் கழற்றியிருக்கும்போதே 500 வோல்ட் மெக்கர் வைத்துப் பார், காயிலிலிருந்து பாடிக்குக் கரண்ட் கசிகிறதா என்று காட்டும் மீட்டர் அது. ஒரு மெகாவோமுக்குக் கீழே என்றால் காயிலில் ஈரம். அட்டைப்பெட்டிக்குள் அறுபது வாட் குண்டு பல்பு எரியவிட்டு இரண்டு நாள் வை, பல்பு அட்டையில் படாமல். பக்கத்தில் ஆள் இருக்கவேண்டும்.

பிறகு சீரிஸ் பல்பு, அதாவது மிஷினுக்குப் போகும் லைன் பல்பு வழியாகப் போகும்படி மாட்டுவது. நூறு வாட் குண்டு பல்பு, எல்.இ.டி. உதவாது. பல்பு முழு வெளிச்சத்தில் எரிந்து மோட்டார் அசையாவிட்டால் ஷார்ட் அல்லது இறுக்கம், உடனே பிடுங்கு. மங்கலாக எரிந்து மோட்டார் சோம்பலாகச் சுற்றினால் சரி. பல்பு மாட்டிய நிலையில் கணக்குப் போட்டுப் பார்க்காதே, கரண்ட் போதாமல் பாதிச் சுற்றில் சிக்கும். நேரடி லைனுக்குப் போனபிறகு முதலில் கூட்டல் மட்டும். பூஜ்யத்தால் வகுத்துப் பார்க்காதே, முடிவில்லாமல் சுற்றும். தகட்டில் எத்தனை வோல்ட் என்று பார்த்துவிட்டாய்தானே? மறுபடி பார்.

ஏழுமலை எரித்த மிஷின் கதையை உனக்கும் தேவிக்கும் எத்தனை தடவை சொல்லியிருப்பேன். கவனமில்லாமல் எதைச் செய்தாலும் ஏழுமலை வேலை என்றுதான் நம் வீட்டில் பேச்சு. அது ஏழுமலை எரித்ததில்லை குமார். 1987ல் தகட்டைப் பார்க்காமல் 110 வோல்ட் மிஷினை 230ல் சொருகியது நான். முதலாளி வந்து கேட்டபோது அவன் பக்கத்தில் நின்றிருந்தான். நான் அவனைப் பார்த்தேன், அவ்வளவுதான், வாய் திறந்து ஒன்றும் சொல்லவில்லை. அவனை அன்றைக்கே அனுப்பிவிட்டார்கள். அடுத்த நாளாவது சொல்லியிருக்கலாம். தேவி பிறந்த வருடம், வேலை போய்விடும் என்று பயந்தேன். அவனைத் தேடிப் போகவும் இல்லை. அம்மாவுக்குக்கூடத் தெரியாது. உனக்குத்தான் முதலில் எழுதுகிறேன். உன் பக்கத்திலும் ஏதாவது எரிந்துபோயிருந்தால் என்னிடம் சொல்லலாம், நான் கோபித்துக்கொள்ள மாட்டேன்.

கார்பன் பிரஷை விட்டுவிட்டேன். இரண்டையும் கழற்றும்போது எது எந்தப் பக்கம், எந்த முகம் மேலே என்று குறித்துக்கொள், அதே மாதிரி திரும்பப் போடவேண்டும். பிரஷ் உரசுகிற செப்பு உருளை, கம்யூட்டேட்டர், கறுத்திருந்தால் நைஸ் உப்புத்தாள் போதும், எமரி வேண்டாம், அதன் துகள் கரண்டைக் கடத்தும். பிரஷின் நீளம், அகலம், கனம் மூன்றையும் மில்லிமீட்டரில் எடுத்துச் சொல். பெரிய கார்பனாகப் பாரிமுனையில் வாங்கி உப்புத்தாளில் தேய்த்து அளவுக்குக் கொண்டுவந்து அனுப்புகிறேன். எழுதி அனுப்பினால் நாளாகும், போனிலேயே சொல். பகலில் கூப்பிட்டாலும் வீட்டில்தான் இருப்பேன்.

நைனா