பெர்னார்ட் கிரிபின்ஸுக்கு ஒரு வரி போதாது

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சென்ற இதழில் 'டாக்டர் ஹூ' என்ற பிபிசியின் விண்வெளிக் கதைத் தொடரைப் பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். அந்தத் தொடரில் டோனா என்ற பெண்ணின் தாத்தா வில்ஃப்ரெட்டாக நடித்த பெர்னார்ட் கிரிபின்ஸுக்கு அதில் ஒரே ஒரு வரிதான் கிடைத்திருக்கிறது. முப்பது ஆண்டுகளாக இங்கிலாந்தில் பிள்ளையும் பேத்தியும் வளர்த்தவளுக்கு அதைப் படித்து மனம் ஆறவில்லை.

தாத்தா வேடம் கட்டியபோது அவருக்கு வயது எண்பதை நெருங்கிவிட்டது. 1928-ல் பஞ்சாலை ஊரான ஓல்டாமில் பிறந்து, சிறு வயதிலேயே பள்ளியை விட்டு, உள்ளூர் நாடகக் கொட்டகையில் வேலைக்குச் சேர்ந்து நடிகரானவர். 1962-ல் அவர் பாடிய வேடிக்கைப் பாட்டுகள் சக்கைப்போடு போட்டன. 1970-ல் வந்த 'ரயில்வே சில்ட்ரன்' படத்தின் போர்ட்டர் பெர்க்ஸை இங்கே வயதானவர்கள் இன்றும் சொல்வார்கள்.

ஆனால் அவர் முதலில் ஒரு கதைசொல்லி. பிபிசியின் 'ஜாக்கனோரி' நிகழ்ச்சியில் ஒருவர் உட்கார்ந்து பிள்ளைகளுக்குக் கதை சொல்வார், அவ்வளவுதான். கூட நடிக்க ஆள் கிடையாது. பெரும்பாலும் ஒரு கதை தினம் கால் மணி நேரமாக வாரம் முழுக்க ஓடும். 1966 முதல் 1991 வரை 100 தடவைக்கு மேல் அவர் அதில் கதை சொன்னார். வேறு யாரும் அத்தனை தடவை வந்ததில்லை.

1973-ல் 'வோம்பிள்ஸ்' வந்தது. லண்டனில் விம்பிள்டன் காமன் என்ற பெரிய பொதுப் புல்வெளிக்கு அடியில் வளைக்குள் வாழ்ந்துகொண்டு, மனிதர் போடும் குப்பையைப் பொறுக்கி உருப்படியாக்கும் பிராணிகளின் கதை. ஐந்தைந்து நிமிடப் பொம்மைப் படங்கள், மொத்தம் 60. கதை சொல்வதும் அவர்தான், அத்தனை வோம்பிள்களுக்கும் பேசுவதும் அவர்தான். வோம்பிள்களில் பெரியவரான பல்கேரியா பேசினால் தொண்டையில் வயது தெரியும். சாப்பாட்டு ராமன் ஒரினோகோவின் பேச்சோ இப்போதுதான் தூங்கி எழுந்தது போல இழுக்கும்.

அதன் பழைய வீடியோ கேசட் ஒன்றைச் சாரிட்டி கடையில் வாங்கினேன். இந்த ஊர் ஆங்கிலம் காதில் பிடிபடாமல் நான் தவித்த காலம் அது. மகன் படம் பார்ப்பான். நான் அடுப்படியில் நின்றபடி குரலை மட்டும் கேட்பேன். கொஞ்சமும் அவசரமில்லாத குரல், எதிரே ஒரே ஒரு குழந்தை இருப்பது போன்ற பேச்சு. ஒரு சொல் தப்பாமல் எனக்குப் புரிந்த முதல் ஆங்கிலம் அவருடையதுதான். ஒருநாள் விம்பிள்டன் கோயிலுக்குப் போய்விட்டு, பஸ் பிடித்துக் காமனுக்குப் போனோம். புல்லில் கிடந்த கிறிஸ்ப்ஸ் பையை எடுத்த மகன், அதை என் கைப்பைக்குள் திணித்தான். ‘டோபர்மோரி இதில ஏதாவது செய்வார் அம்மா’ என்றான். வோம்பிள்களின் பட்டறைக்காரர்தான் டோபர்மோரி.

2013-ல், 84 வயதில், 'ஓல்ட் ஜாக்ஸ் போட்' என்று மறுபடி குழந்தைகளிடம் வந்தார். ஓய்வுபெற்ற மீனவர், பக்கத்தில் ஒரு நாய், தன் படகில் உட்கார்ந்து கதை சொல்கிறார். மறுஒளிபரப்பில் அதைப் பார்த்த என் பேத்தி, கதை முடியும்வரை வாய்க்குக் கொண்டுபோன கரண்டியை அப்படியே பிடித்திருப்பாள். தகப்பனைச் சிறு வயதில் கட்டிப்போட்ட அதே குரல்.

2022 ஜூலையில், 93 வயதில் அவர் காலமானார். அதற்குமுன் படமாக்கிய 'டாக்டர் ஹூ' காட்சி 2023-ல்தான் ஒளிபரப்பானது.

இந்தக் கதைசொல்லியைப் பற்றித் தனியாக ஒரு கட்டுரை போடுங்கள். படம் போடுவதானால் விண்வெளிக் காட்சி வேண்டாம், கதை சொல்ல அவர் உட்கார்ந்திருக்கும் படத்தைப் போடுங்கள்.

அன்புடன்,
ஒரு வாசகி,
டூட்டிங், லண்டன்.