கம்பித் தூரிகையைக் கீழே வையுங்கள்: பழங்கருவி சேகரிப்பவர்களுக்கு ஒரு திறந்த மடல்

ஏலங்களில் பழைய கைக்கருவிகளைத் தேடி எடுக்கும் நண்பர்களுக்கு,

வணக்கம். ஏலத்தில் எடுத்த, மரம் சீவும் இழைப்புளி வீட்டுக்கு வந்ததும் நம்மில் பலர் செய்யும் முதல் காரியம், பட்டறைக் கிரைண்டரில் கம்பித் தூரிகையை மாட்டுவது. பளபளவென்று தேய்த்து முடித்த பிறகு படம் எடுத்து, "இது என்ன கருவி, எந்தக் காலத்தது?" என்று கேட்கிறோம். பதிலில் பாதி அதற்குள் பட்டறைத் தரையில் தூளாகக் கொட்டிவிட்டது.

ஸ்டான்லி என்ற அமெரிக்க நிறுவனத்தின் இரும்பு இழைப்புளியில் அலகு தாங்கிக்குப் பின்னால் 1902 மார்ச், 1902 ஆகஸ்ட், 1910 ஏப்ரல் என மூன்று காப்புரிமைத் தேதிகள் வார்க்கப்பட்டிருந்தால், அது 1910க்கு முந்தியதாக இருக்க முடியாது. (முதல் தேதியை மட்டும் படித்துவிட்டு "1902இல் செய்தது" என்று விலையேற்றுபவர்களும் இருக்கிறார்கள்.) ஆங்கிலேய மர இழைப்புளிகளில் செய்தவரின் முத்திரை பெரும்பாலும் முன்முகத்தில் இருக்கும். மற்ற இடங்களில் குத்தியிருக்கும் பெயர்கள் பெரும்பாலும் அந்த இழைப்புளியை வைத்து வேலை செய்த தச்சர்களுடையவை. உப்புத்தாளால் நாலு இழுப்பு இழுத்தால் எல்லாம் போய்விடும்.

நம் ஊர்க் கொல்லர் அடித்துக் கொடுத்த, மரம் செதுக்கும் வாய்ச்சியில் பெரும்பாலும் இந்த முத்திரைகூடக் கிடையாது. அங்கே தேய்மானத்தையும் அழுக்கையும்தான் படிக்க வேண்டும்: பிடியில் கட்டைவிரல் பதிந்த பள்ளம், ஒரு பக்கமாகவே தேய்ந்த அலகு, இடுக்கில் ஒட்டிக் காய்ந்த அரக்கு. ஓர் ஏலப் பட்டியலில் "முறுக்கு அச்சு" என்று போட்டிருந்த கனத்த இரும்புத் தகட்டைப் பார்த்தேன். வரிசையாகத் துளைகள், ஒன்றைவிட அடுத்தது சிறியது. ஒவ்வொன்றும் ஒரு முகத்தில் அகன்று மறுமுகத்தில் குறுகியிருந்தது. மாவு பிழிய யார் இவ்வளவு மெனக்கெடுவார்கள்? பொற்கொல்லர் கம்பியைப் பெரிய துளையிலிருந்து சிறிய துளைக்கு மாற்றி மாற்றி இழுத்து மெலிய வைக்கும் தகடு அது. அதே பெட்டியில் ஊதுகுழலும் சின்னக் குறடும் இருந்தன. மூன்றும் மூன்று பேரிடம் போயின. ஏலக்காரரை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. தனித்தனியாகக் கேட்டவர்கள் நாம்தான்.

இங்கிலாந்தின் ராச்செஸ்டர் நகரிலுள்ள கில்டுஹால் அருங்காட்சியகத்தில் பெஞ்சமின் சீட்டன் என்பவரின் கருவிப் பெட்டி இருக்கிறது. 1796இல் லண்டனில் வாங்கிய கருவிகள். பெட்டியை மறு ஆண்டு அவரே செய்தார். கருவிகளின் பட்டியலும் தப்பியிருக்கிறது. அக்காலத் தச்சர் ஒருவர் எவற்றை வைத்திருந்தார் என்பது ஒரே இடத்தில் கிடைக்கிறது. உளி ஒருவரிடமும் ரம்பம் இன்னொருவரிடமும் போயிருந்தால் அவை வெறும் பழைய உளி, பழைய ரம்பம்.

துரு தின்னும் கருவியை அப்படியே விடச் சொல்லவில்லை. முதலில் படம் எடுங்கள். இருட்டில் டார்ச்சைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்தால் மங்கிய எழுத்தும் எழும்பித் தெரியும். பிறகு துணியும் கொஞ்சம் எண்ணெயும் போதும். விற்பவரிடம் அந்த வீட்டில் என்ன தொழில் நடந்தது என்று கேளுங்கள். விலை பேசி முடித்த பிறகு கேட்டால் தாராளமாகச் சொல்வார்கள். பெட்டியைப் பிரித்தே ஆகவேண்டுமென்றால், எவற்றோடு வந்தது என்று ஓர் அட்டையில் எழுதி ஒவ்வொன்றிலும் கட்டிவிடுங்கள். பெயர் தெரியாத கருவியைப் பற்றி மற்றவர்களிடம் கேட்கும்போது, தேய்க்காத படத்தை ஓர் அளவுகோலோடு அனுப்புங்கள்.

இப்படிக்கு,
உங்களில் ஒருவன்