பழைய பிக்கப்களில் பல்பை மாற்றுமுன் ஏர்த்தைப் பார்க்க வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

2020 ஆம் ஆண்டில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. 2025 இல் அது மீண்டும் அனுமதிக்கப்பட்டபோதும், வரியோடு சேர்ந்த விலை எமது விவசாயிகளுக்கும் சிறு வியாபாரிகளுக்கும் எட்டக்கூடியதாக இருக்கவில்லை. ஆகவே மட்டக்களப்பு வாவியின் மேற்குக் கரையான படுவான்கரையிலிருந்து நெல் மூட்டைகளையும் கல்முனை, நிந்தவூர்ப் பக்கத்திலிருந்து மீன் பெட்டிகளையும் ஏற்றி வரும் வாகனங்களிடையே முப்பது, நாற்பது வயதுடைய ஹைலக்ஸ், டட்சன், இசுசு பிக்கப்களை இன்றும் காண்கிறோம். இவற்றின் எஞ்சினுக்கு நேரத்துக்கு ஒயில் மாற்றுகிறார்கள். துருப்பிடித்த வெளித்தகட்டைத் தட்டிப் பெயின்ற் அடிக்கிறார்கள். வயரிங்கை மட்டும், வண்டி வழியில் நிற்கும்வரை எவரும் திரும்பிப் பார்ப்பதில்லை. நின்ற பிறகு செய்யப்படும் வைத்தியமும் பெரும்பாலும் இரண்டே வகைதான்: ஹெட்லைட் மங்கினால் கூடிய வாட் பல்பு, பியூஸ் எரிந்தால் தடித்த கம்பி. இரண்டுமே பிழையானவை என்பதை வாகன உரிமையாளர்கள் அறிந்துகொள்ள வேண்டும் என்பதற்காகவே இதனை எழுதுகிறேன்.

சாதாரண ஹலோஜன் ஹெட்லைட் பல்பின் உயர் ஒளி 60 வாட். 12 வோல்ட் பற்றரியில் அது ஏறத்தாழ 5 அம்பியர் இழுக்கும். இரண்டு பல்புகளுக்கு 10 அம்பியர். பழைய பிக்கப்கள் பலவற்றில் இந்த மின்னோட்டம் முழுவதும் பற்றரியிலிருந்து டாஷ்போர்டுக்குள் போய், ஸ்டியரிங்கின் அருகிலுள்ள சுவிட்சுக்குள் புகுந்து, மீண்டும் முன்பக்கம் திரும்பி வருகிறது. வழியிலுள்ள ஒவ்வொரு இணைப்பும் சிறிது வோல்ட்டை விழுங்கும். ஒரு பக்கம் கடலும் மறுபக்கம் வாவியுமாக இருக்கும் எழுவான்கரையில் உப்புக் காற்று வயரின் பிளாஸ்ரிக் உறைக்குள்ளும் ஏறி, செம்பில் பச்சைக் களிம்பைப் பிடிக்க வைக்கிறது. வெளியே பார்த்தால் வயர் நல்லது போலவே இருக்கும். வோல்ட் பத்து வீதம் குறைந்தால் ஹலோஜன் பல்பின் வெளிச்சம் பத்து வீதம் அல்ல, ஏறத்தாழ முப்பது வீதம் குறைந்துவிடும். அதே வயரில் 100 வாட் பல்பு பூட்டினால் மின்னோட்டம் கூடி, வோல்ட் இழப்பும் கூடும். சுவிட்சும் வயரும் சூடேறும். செலவழித்த காசுக்கேற்ற வெளிச்சம் மட்டும் வராது. எல்.ஈ.டி. பல்புகளைப் பற்றியும் ஒரு வார்த்தை: ஹலோஜனுக்கென அமைந்த கண்ணாடிக்குள் அவற்றைப் பூட்டும்போது ஒளி சிதறி, கல்முனை வீதியில் எதிரே மோட்டார் சைக்கிளில் வருபவரின் கண்ணைக் கூச வைக்கிறது. ஓட்டுநருக்கு வீதி பிரகாசமாகத் தெரிவதால் இதனைப் பற்றி எவரும் கவலைப்படுவதாகத் தெரியவில்லை.

இழப்பு எங்கே இருக்கிறது என்பதைக் கண்டுபிடிக்க மலிவான டிஜிட்டல் மீற்றர் ஒன்று போதும். எஞ்சினை ஓடவிட்டு, ஹெட்லைட்டைப் போட்டு, மீற்றரின் ஒரு முனையைப் பற்றரியின் நெகட்டிவ் முனையிலும் மற்றையதைப் பல்பின் ஏர்த் இணைப்பிலும் (மின்னோட்டம் வண்டியின் உலோக உடல் வழியாகப் பற்றரிக்குத் திரும்பும் இணைப்பு) வைத்துப் பார்க்க வேண்டும். 0.2 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் ஏர்த் சரியில்லை. அவ்வாறே பொசிட்டிவ் முனைக்கும் பல்பின் மின்வரும் இணைப்புக்கும் இடையிலும் அளக்கலாம். விளக்கு எரிந்துகொண்டிருக்கும்போதே அளக்க வேண்டும் என்பது முக்கியம். மின்னோட்டம் இல்லாதபோது கெட்ட இணைப்பும் வோல்ட் இழப்பைக் காட்டாமல் நம்மை ஏமாற்றும். ஏர்த் போல்ட்டைக் கழற்றி, பெயின்ற்றையும் துருவையும் உலோகம் மினுங்கும்வரை சுரண்டி, இறுக்கிப் பூட்டி, மேலே வஸ்லின் பூசினால் பல வண்டிகளில் வேலை அத்தோடு முடிந்துவிடும்.

பின்பக்கத்திலும் இதே கதைதான். பிக்கப்பின் பெட்டி செசியின் (அடிச்சட்டத்தின்) மேல் தனியாகப் பூட்டப்பட்டது. இடையில் இறப்பரோ மரக்கட்டையோ இருப்பதுண்டு. பழைய பெட்டி உக்கிப்போய் உள்ளூரில் புதிதாகச் செய்வித்தவர்கள், விளக்குகளுக்குத் தனி ஏர்த் வயர் இழுக்காமல் விட்டுவிடுகிறார்கள். பிரேக்கை மிதிக்கும்போது சிக்னல் லைட்டும் சேர்ந்து மினுங்கினால், அல்லது பார்க் லைட் மங்கினால், பெரும்பாலும் காரணம் அதுவே: திரும்பிப் போக வழியில்லாத மின்னோட்டம் மற்றைய பல்பின் இழை வழியாக வழி தேடுகிறது. பல்பையும், சிக்னலை மினுங்க வைக்கும் பிளாஷரையும் மாற்றிக்கொண்டிருப்பதால் பயன் இல்லை.

பியூஸ் விடயம் இன்னும் பாரதூரமானது. பியூஸ் காப்பது விளக்கையோ ஹோர்னையோ அல்ல, வயரை. 15 அம்பியர் பியூஸ் இருக்க வேண்டிய இடத்தில் 30 அம்பியரைப் போட்டால், அல்லது செப்புக் கம்பியைச் சுற்றிவிட்டால், அடுத்த முறை உருகப்போவது டாஷ்போர்டுக்குள் இருக்கும் வயர். எரிபொருள் குழாய்க்குப் பக்கத்தில் வயர் ஓடும் வண்டிகளில் அதன் விளைவை விளக்கத் தேவையில்லை. திரும்பத் திரும்ப எரியும் பியூஸின் இடத்தில் 21 வாட் பிரேக் பல்பு ஒன்றைத் தொடராக இணைத்துப் பார்ப்பது அனுபவமுள்ளவர்களின் முறை. ஷோர்ட் (குறுக்குச்சுற்று) இருக்கும்வரை பல்பு முழுப் பிரகாசத்தில் எரியும். வயர்க் கட்டை ஒவ்வோர் இடமாக அசைத்தும் இணைப்புகளை ஒவ்வொன்றாகக் கழற்றியும் செல்லும்போது எங்கே அது மங்குகிறதோ அங்கேயே குற்றம் இருக்கிறது. வயல் ஓரத்தில் நிறுத்தப்படும் வண்டிகளில் எலி கடித்த இடமாகவே அது இருக்கக்கூடும்.

வெளிச்சத்தை உண்மையாகவே கூட்ட விரும்புபவர்கள் றிலே (சிறு மின்னோட்டத்தால் பெரிய மின்னோட்டத்தை இயக்கும் சுவிட்ச்) பூட்ட வேண்டும். பற்றரியிலிருந்து பியூஸோடு தடித்த வயர் றிலேயின் 30 ஆம் முனைக்கும், 87 ஆம் முனையிலிருந்து பல்புக்கும் போக, பழைய சுவிட்ச் வயர் 85, 86 முனைகளுக்கிடையிலுள்ள சுருளை மட்டும் இயக்கும். இதனால் சுவிட்சுக்கு வரும் சுமை ஓர் அம்பியரிலும் குறைந்துவிடும். ஆனால் பழைய டொயோட்டாக்கள் பலவற்றில் ஹெட்லைட் சுவிட்ச் மின்வரும் பக்கத்தில் அல்லாமல் ஏர்த் பக்கத்தில் இருக்கிறது. அதனைப் பாராமல், வேறு வண்டிக்கு வரைந்த படத்தை வைத்துப் பூட்டினால் வேலை செய்யாது. வயரும் வாகனங்களுக்கென வரும் பல இழை வயராக இருக்க வேண்டும். வீட்டுச் சுவருக்குள் ஓடும் ஒற்றைக் கம்பி அதிர்வில் முறிந்துவிடும். வேலை தொடங்குமுன் பற்றரியின் நெகட்டிவ் முனையை முதலில் கழற்ற வேண்டும் என்பதைக் கராஜ்களில்கூடச் சிலர் கவனிப்பதில்லை.

வாகன வருமான அனுமதிப்பத்திரத்துக்குப் புகைப் பரிசோதனைச் சான்றிதழ் கேட்கப்படுகிறது. குழாயால் வரும் புகை அளக்கப்படும் அந்த இடத்திலேயே, பிரேக் லைட்டும் சிக்னலும் எரிகின்றனவா, ஹெட்லைட் எதிரே வருபவரின் கண்ணில் அடிக்கிறதா என்று பார்ப்பதற்குச் சில நிமிடங்களே தேவை. யானை நடமாடும் படுவான்கரை வீதிகளில் இரவில் மங்கிய விளக்குடன் ஓடும் வண்டிகளைக் கண்டவர்கள் இதனை மிகையான கோரிக்கை என்று சொல்லமாட்டார்கள். அத்தோடு, மட்டக்களப்பிலும் சம்மாந்துறையிலும் உள்ள தொழில்நுட்பக் கல்லூரிகள், கராஜ்களில் ஏற்கெனவே வேலை செய்யும் இளைஞர்களுக்கென வாகன மின்னியலில் மாலைநேரக் குறுகியகாலப் பயிற்சியொன்றை, புதிய வாகனங்களின் கணினிக் கருவிகளோடு மட்டும் நின்றுவிடாமல், மீற்றரால் அளந்து குற்றம் காணும் முறையையும் உள்ளடக்கி நடத்த முன்வர வேண்டும் என உங்கள் பத்திரிகை வாயிலாகக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
பழைய பிக்கப் உரிமையாளர் ஒருவர்,
களுவாஞ்சிகுடி.