பயிற்சியை நிறுத்த முதல் ஒருக்கால் யோசியுங்கள்

அன்பான பெற்றோருக்கு வணக்கம். ஓ.எல். (சாதாரண தரப் பரீட்சை) வருடம் வந்ததும் பிள்ளைகளை மைதானத்திலிருந்து மறித்து ரியூசனுக்கு அனுப்புவது எங்களுக்குள் வழக்கமாகிவிட்டது. இந்த மாதமும் மூன்று பேர் நின்றுவிட்டார்கள். மூவருமே வலைப்பந்து விளையாடிய பெண்பிள்ளைகள். அவர்களைத்தான் முதலில் நிறுத்துகிறோம். எனக்கு அது பெரிய மனவருத்தம்.

பின்லாந்தில் 1980 இல் தொடங்கிய ஓர் ஆய்வு, சிறுவர்களை அவர்கள் வளர்ந்து பெரியவர்களான பிறகும் தொடர்ந்து கவனித்தது. இளவயதில் சில வருடங்கள் விடாமல் விளையாடியவர்கள் பெரியவர்களானபோதும் மற்றவர்களைவிடச் சுறுசுறுப்பாக இருந்தார்கள். இடையில் விட்டவர்களிடம் அந்தப் பலன் குறைவு. அதனால்தான் கேட்கிறேன்: பரீட்சைக் காலத்தில் நாட்களைக் குறையுங்கள், முற்றாக நிறுத்தாதீர்கள். 5 முதல் 17 வயது வரை நாளுக்குச் சராசரியாக 60 நிமிடமாவது உடற்செயற்பாடு வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனமும் சொல்கிறது. அணியில் இடம் கிடைக்காத பிள்ளையும் வரட்டும்.

சரி, சனிக்கிழமை மாலை 4.30 க்கு உப்புவெளிக் கடற்கரையில் கரப்பந்து. அம்மாமார், அப்பாமாரும் இறங்கி விளையாடலாம். தண்ணீர்ப் போத்தல் கொண்டு வாருங்கள். நின்றுபோன மூன்று பிள்ளைகளின் வீட்டாரும் கட்டாயம் வரவேண்டும்.