சம்மட்டிக்கு முன் சாவி

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

பிபிசியின் டாப் கியர் கார் நிகழ்ச்சியின் முன்னாள் தொகுப்பாளர் ஜெரிமி கிளார்க்சன், நம் மலேசியத் தயாரிப்பான பெரோடுவா கெலிசா என்ற சின்னக் காரைச் சம்மட்டியால் அடித்து நொறுக்கும் பழைய காட்சி மறுபடியும் கைப்பேசிகளில் சுற்றி வருகிறது. அதையொட்டித் தங்கள் ஞாயிறு பதிப்பில் வெளியான இரண்டு வாசகர் கடிதங்களையும் படித்தேன். ஒருவர் அது நாட்டுக்கு நேர்ந்த அவமானம் என்று கொதித்திருக்கிறார். மற்றவர், வேடிக்கையை வேடிக்கையாக எடுத்துக்கொள்ளத் தெரியாதவர்கள் டாப் கியர் பார்க்கவே வேண்டாம் என்று முடித்துவிட்டார். இருவருமே அக்காட்சியை டாப் கியர் தொடரின் ஓர் அத்தியாயம் என்று எழுதியிருப்பதால், முதலில் அதைத் திருத்திவிடுகிறேன். கெலிசா அடிபட்டது பிபிசியின் அந்தத் தொடரில் அல்ல; 2005-ஆம் ஆண்டு கிளார்க்சன் தம் பெயரில் தனியாக வெளியிட்ட டிவிடி வட்டில். புத்தம்புதிய கெலிசா ஒன்றை வாங்கிச் சம்மட்டியால் அடித்து, பிறகு அதைத் தொங்கவிட்டுப் பெரும் எடை ஒன்றால் கிழித்து, கடைசியில் வெடி வைத்துத் தகர்த்தார். உலகிலேயே மிக மோசமான கார் இதுதான் என்றும், காலணிக்குப் பதிலாக இலைகளைக் கட்டிக்கொள்ளும் மனிதர்கள் காட்டுக்குள் செய்தது என்றும் அவர் வர்ணித்ததற்காக 2007 ஏப்ரலில் நம் நாடாளுமன்றத்திலேயே கண்டனம் எழுந்தது.

டாப் கியர் ரசிகர்களின் விசுவாசம் சாதாரணமானதன்று. 2015-இல் பிபிசி கிளார்க்சனை இடைநீக்கம் செய்தபோது அவரைத் திரும்பக் கொண்டுவரச் சொல்லி 10 லட்சத்துக்கும் மேற்பட்டோர் கையெழுத்திட்டார்கள். பெஸ்தாரி ஜெயாவில், பெரியவர்கள் இன்னும் பத்தாங் பெர்ஜுந்தை என்றே சொல்லும் இந்த ஊரில், கார் பட்டறை நடத்துகிறவன் நான். அதற்கு முன் தோட்டத்துப் பட்டறையில் டிராக்டர்களோடு காலம் கழித்தவன். என் பட்டறைக்கு வரும் இளைஞர்களில் பலர் டாப் கியர் காட்சிகளை மனப்பாடமாகச் சொல்லக்கூடியவர்கள். அவர்கள் எல்லாரும் ஒருமித்துக் கொண்டாடும் அத்தியாயங்கள் 2003-இல் ஒளிபரப்பானவை. அவற்றின் நாயகன் டொயோட்டா ஹைலக்ஸ் என்ற ஒரு பழைய பிக்அப் வண்டி.

அதைப் பார்க்காத வாசகர்களுக்காகச் சற்று விரிவாகவே சொல்கிறேன். 190,000 மைல் ஓடித் தேய்ந்த, 1988-ஆம் ஆண்டு டீசல் ஹைலக்ஸ் ஒன்றை 1,000 பவுண்டுக்கு வாங்கினார்கள். படிக்கட்டில் இறக்கினார்கள், மரத்தில் மோதினார்கள். இங்கிலாந்தின் பர்ன்ஹம் கடற்கரையில், கடல் ஏற்றம் மிக அதிகமாக இருக்கும் இடமாகப் பார்த்துக் கட்டி வைத்தார்கள். தண்ணீர் வடிந்தபோது வண்டி கட்டிய இடத்தில் இல்லை. தேடி எடுத்த பிறகு, உப்பும் மணலும் அடைத்துக்கொண்ட எஞ்சினை மெக்கானிக்குகள் சாதாரணக் கைக்கருவிகளைக் கொண்டே கழுவித் துடைத்து மறுபடி உயிர்ப்பித்தார்கள். அப்புறம் அதன் தலைமேல் கேரவன் எனப்படும் இழுவை வீட்டு வண்டி ஒன்றைப் போட்டார்கள், கட்டடம் இடிக்கும் இரும்புக் குண்டால் அடித்தார்கள், தீ வைத்தார்கள். இறுதியாக, இடிக்கப்படவிருந்த 23 மாடிக் கட்டடத்தின் உச்சியில் அதை ஏற்றி வைத்து, கட்டடத்தையே வெடி வைத்துச் சாய்த்தார்கள். இடிபாடுகளிலிருந்து தோண்டி எடுத்தபோது வண்டியின் அடிச்சட்டம் வளைந்து முதுகு ஒடிந்திருந்தது. ஆனாலும் எஞ்சின் ஓடியது. பின்னாளில் அரங்கத்தில் ஒரு மேடைமேல் அதை வைத்து அலங்கரித்தார்கள்.

ஒரு மெக்கானிக்கின் கண்ணுக்கு அந்த நிகழ்ச்சியின் உயிர்நாடி எது என்றால், இடிப்பதும் எரிப்பதும் அல்ல, ஒவ்வோர் அடிக்குப் பிறகும் சாவியைப் போட்டுத் திருப்பிப் பார்த்ததுதான். உதிரிப்பாகம் மாற்றக் கூடாது என்று அவர்களே ஒரு விதி வைத்துக்கொண்டதால், காட்டியது பரிசோதனை ஆயிற்று. வண்டி ஓடாமல் போயிருந்தால் அதையும் நாம் ஏற்றுக்கொண்டிருப்போம்.

கெலிசா விஷயத்தில் இது நடக்கவே இல்லை. என்னிடம் தொழில் பழகும் பையன் தன் கைப்பேசியில் அந்தக் காட்சியைப் போட்டுக் காட்டினான். முடிந்ததும் அவன் கோபப்படவும் இல்லை, சிரிக்கவும் இல்லை. "அடிச்சதுக்கப்புறம் ஸ்டார்ட் பண்ணிப் பாக்கவே இல்லையேண்ணே" என்று மட்டும் கேட்டான். தங்கள் பக்கத்தில் வந்த இரண்டு கடிதங்களிலும் நான் தேடிக் கிடைக்காத கேள்வி அது. ஹைலக்ஸை அடித்தது அது எவ்வளவு தாங்கும் என்று அறிவதற்கு. கெலிசாவை அடித்ததோ தீர்ப்பை எழுதி வைத்துக்கொண்டு தண்டனை கொடுப்பதற்கு. சம்மட்டியால் அடித்தால் எந்தக் காரும்தான் நசுங்கும். அதைக் கொண்டு கெலிசாவைப் பற்றி நாம் தெரிந்துகொண்டது என்ன?

கொதிக்கும் வாசகருக்கு நான் சொல்ல விரும்புவதும் இதுவே. பிரிட்டனில் இந்தக் காரை வாங்கியவர்களிடமிருந்து புகாரே வரவில்லை என்று 2007-இல் நம் அமைச்சர் ஒருவர் பதில் சொன்னார். தப்பான பதில் என்று சொல்ல மாட்டேன். ஆனால் பலமில்லாத பதில். ஒரு கெலிசாவை அனுப்பி வைத்து, ஹைலக்ஸுக்குச் செய்ததையெல்லாம் அதே விதியோடு இதற்கும் செய்து காட்டுங்கள் என்று கேட்டிருந்தால், கிளார்க்சனே சுவைத்திருக்கக்கூடிய பதிலாக அது இருந்திருக்கும். கெலிசா தோற்றிருக்கலாம், தோற்றிருக்கும் என்றே நினைக்கிறேன். ஆனால் பரீட்சை எழுதித் தோற்றவனுக்கும் தேர்வு மண்டபத்துக்குள்ளேயே விடப்படாதவனுக்கும் வித்தியாசம் இருக்கிறது.

வேடிக்கையை ரசிக்கச் சொல்லும் வாசகருக்கு வேறொன்று சொல்ல வேண்டும். எனக்கும் டாப் கியரின் கிளார்க்சன், ஹேமண்ட், மே மூவரின் கேலி பிடிக்கும். 2011 டிசம்பரில் ஒளிபரப்பான இந்தியச் சிறப்பு அத்தியாயத்தில் கிளார்க்சன் தம் ஜாகுவாரின் பின்புறத்தில் கழிப்பிடத்தைப் பொருத்திக்கொண்டு சுற்றியதற்கு இந்தியத் தூதரகம் புகார் எழுதியது. எங்கள் ஊரிலும் மனம் வருந்தியவர்கள் உண்டு. எனக்கு அந்த நகைச்சுவை மட்டமாகத்தான் பட்டது. ஆனாலும் அதில் பழைய ஜாகுவாரையும் ரோல்ஸ் ராய்ஸையும் மினியையும் இமயமலைப் பக்கம் வரை ஓட்டிக்கொண்டு போனார்கள், வண்டிகள் பட்ட பாட்டை நாம் பார்த்தோம். காரை ஓட்டிவிட்டுக் கேலி செய்கிறவனிடம் எனக்குச் சண்டை இல்லை.

கெலிசாவைக் கேலி செய்யக் காரணங்களா இல்லை? கேட்டிருந்தால் நானே எடுத்துக் கொடுத்திருப்பேன். கதவைச் சாத்தினால் பிஸ்கட் டின்னை மூடும் சத்தம் கேட்கும். வடக்கு தெற்கு நெடுஞ்சாலையில் பெரிய லாரி ஒன்று முந்திக்கொண்டு போகும்போது ஸ்டியரிங்கை இறுகப் பிடிக்காவிட்டால் வண்டி ஓரத்துக்கு ஒதுங்கும். பின் இருக்கையில் உயரமானவர் உட்கார்ந்தால் முழங்கால் முன் இருக்கையை இடிக்கும். மழை நாளில் கண்ணாடியெல்லாம் ஆவி படிந்து, குளிர்சாதனத்தைக் கூட்டினால் மேட்டில் ஏற மூச்சு வாங்கும். பாதுகாப்பைப் பற்றி இன்றைய அளவுகோலை வைத்துப் பேசினால் நான் வாயைத் திறக்க முடியாது. இவற்றை ஒரு விமர்சகர் சொல்லியிருந்தால் கைதட்டியிருப்பேன்.

ஆனால் அந்தக் கார் எதற்காகச் செய்யப்பட்டது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். 989 சிசி, மூன்று சிலிண்டர். ஆயிரம் சிசிக்குள் அடங்குவதால் சாலை வரி ஆண்டுக்கு 20 வெள்ளி (ரிங்கிட்). 2001 முதல் 2007 வரை விற்பனையில் இருந்தது. மோட்டார் சைக்கிளில் மனைவியையும் பிள்ளையையும் வைத்துக்கொண்டு மழையில் நனைந்து போன தோட்டத்துக் குடும்பங்கள் பலவற்றுக்குப் பெரோடுவாவின் கஞ்சில் காரும் கெலிசாவும்தான் கூரை உள்ள முதல் வாகனம். செம்பனைக் குலை ஏற்றிய லாரி எதிரே வந்தால் ஒதுங்க இடமில்லாத செம்மண் பாதையில், பக்கத்துப் புல் மேட்டில் இரண்டு சக்கரத்தை ஏற்றி வழிவிட்டு மறுபடி இறங்கிப் போகிற அளவுக்கு அது சின்ன வண்டி. தோட்டத்தில் ஹைலக்ஸ் என்பது மேலாளரின் வண்டி; முன்பு துரைமாரின் லேண்ட்ரோவர் நின்ற இடத்தில் இன்று அதுதான் நிற்கிறது. தொழிலாளியின் பிள்ளையை நேரத்துக்குப் பள்ளியில் இறக்கிவிட்டது கெலிசா. எங்கள் இளைஞர்கள் ஹைலக்ஸ் அத்தியாயத்தை ரசித்துவிட்டு, தங்கள் அப்பாவின் கார் நொறுங்குவதைப் பார்த்துச் சிரிப்பது எனக்குக் கொஞ்சம் உறுத்துகிறது என்பதை மறைக்கவில்லை. அந்தச் சிரிப்பிலும் ஒரு விசித்திரம் உண்டு. அவர்களில் சிலர்தாம் ஜப்பானிலிருந்து வரும் பழைய டைஹட்சு மிராவின் டர்போ எஞ்சினைத் தேடிப் பிடித்துக் கெலிசாவுக்குள் இறக்கச் சொல்லி என்னிடம் வந்து நிற்கிறார்கள். உலகின் மோசமான காருக்கு யாராவது இவ்வளவு செலவு செய்வார்களா?

இலைச் செருப்பு விஷயத்தைப் பற்றி ஒரு வரி. கெலிசா தயாரானது சுங்கை சோவில், ரவாங்கிற்கும் செரண்டாவுக்கும் நடுவே. எங்கள் பக்கத்துத் தோட்டங்களிலிருந்து அங்கு வேலைக்குப் போனவர்களை நான் அறிவேன். தொழிற்சாலைப் பேருந்துக்காக விடிவதற்கு முன் சாலையோரம் நின்ற அவர்கள் காலில் இரும்பு முனை வைத்த பாதுகாப்புக் காலணி இருந்தது. கழற்றினால் விரல்களில் காய்ப்புத் தெரியும். மற்றபடி அந்த வசனத்துக்குப் பதில் எழுதி நேரத்தை வீணாக்க நான் தயாராக இல்லை.

டாப் கியர் ஓய்ந்துவிட்டது. கிளார்க்சன், ஹேமண்ட், மே மூவரும் வேறு தொடருக்குப் போய் அதையும் 2024-இல் முடித்துக்கொண்டார்கள். பிபிசியும் 2023 நவம்பரில் தன் தொடரை நிறுத்தி வைப்பதாக அறிவித்துவிட்டது. ஆகவே என் வேண்டுகோளை லண்டனுக்கு அனுப்பிப் பயனில்லை, தங்களுக்கே வைக்கிறேன். தங்கள் வாகனப் பக்கத்தில் வரும் புதிய கார் மதிப்புரைகள் பெரும்பாலும் கோலாலம்பூர் நெடுஞ்சாலையில் ஒருவர் மட்டும் உட்கார்ந்து ஓட்டியதாகவே இருக்கின்றன. குறைந்த விலைக் கார்களுக்காவது, பெரியவர்கள் நால்வரையும் ஓர் அரிசி மூட்டையையும் ஏற்றிக்கொண்டு, அடைமழைக்கு மறுநாள் தோட்டப் பாதையில் ஓட்டிப் பார்த்து எழுதச் சொல்லுங்கள். எந்தப் பாதை என்று காட்ட ஆள் தேவைப்பட்டால் நான் வருகிறேன். வண்டி சேற்றில் மாட்டிக்கொண்டால் இழுக்கக் கயிறும் என்னிடம் இருக்கிறது.

இப்படிக்கு,
பட்டறை வாசகன்,
பெஸ்தாரி ஜெயா, சிலாங்கூர்.