பண்ணை பீரில் புளிப்பு குற்றமல்ல. மூடிய புட்டியில் பழம் போடுவதுதான் ஆபத்து

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

தங்கள் ஞாயிறு இணைப்பில் பெல்ஜியப் பண்ணை பீர் பற்றி வந்த கட்டுரையை ஆவலோடு படித்தோம். காட்டு ஈஸ்டும் பழமும் பூவும் மசாலாவும் சேர்ந்த பீரைப் பற்றித் தமிழில் ஒருவர் எழுதியதே மகிழ்ச்சி. ஆனால் அதன் பெட்டிச் செய்தி ஒன்றை உடனே திருத்த வேண்டும். கடையில் வாங்கிய பீரைத் திறந்து, மாம்பழத் துண்டுகளும் ஒரு சிட்டிகை ஈஸ்டும் போட்டு, மறுபடி இறுக மூடி இரண்டு வாரம் வெளியில் வைத்தால் பழ பீர் தயார் என்று அதில் இருக்கிறது. தயவுசெய்து யாரும் இதைச் செய்ய வேண்டாம். புட்டி வெடிக்கும்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு லிட்டர் பீரில் 4 கிராம் சர்க்கரை நொதித்தால் ஏறத்தாழ ஒரு லிட்டர் கரியமில வாயு உண்டாகும். இதைத்தான் ஒரு மடங்கு வாயு என்கிறோம். பழுத்த மாம்பழத்தில் சர்க்கரை சுமார் 14 விழுக்காடு. 330 மில்லி புட்டியில் 50 கிராம் பழம் போட்டால் 7 கிராம் சர்க்கரை உள்ளே போகிறது. லிட்டருக்கு 21 கிராம். பீரில் ஏற்கெனவே இருக்கும் இரண்டு, இரண்டரை மடங்கோடு இன்னும் ஐந்து மடங்கு சேரும். சாதாரண பீர் புட்டியை மூன்று மடங்குக்கு மேல் நம்ப முடியாது. ஷாம்பேனுக்கென்றே வார்த்த தடித்த புட்டிகூட ஆறு மடங்கை மனத்தில் வைத்துச் செய்ததுதான். இங்குள்ள 30 டிகிரி வெப்பத்தில் அழுத்தம் இன்னும் ஏறும்.

ஏற்கெனவே செய்து வைத்திருப்பவர்கள் புட்டியைக் குலுக்காதீர்கள், வெயில் படும் இடத்தில் விடாதீர்கள். கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடியும் கைக்குத் தடித்த கையுறையும் அணிந்து, ஈரத் துண்டால் புட்டியைப் போர்த்தி, மூடியுள்ள பிளாஸ்டிக் பெட்டியில் வைத்து, பெட்டியோடு குளிர்பதனப் பெட்டியில் ஒரு நாள் முழுக்க வையுங்கள். குளிர்ந்தால் வாயு திரவத்தில் கரையும், அழுத்தம் இறங்கும். பிறகு துண்டைப் போர்த்தியபடியே, கழுவுதொட்டியின் மேல் பிடித்து, மூடியை மயிரிழை அளவு நெம்பி வாயுவை வெளியே விடுங்கள். அவசரப்பட்டால் நுரை கூரையைத் தொடும்.

பழம் போக வேண்டிய இடம் நொதிக்கும் கலன். சிங்கப்பூரில் சொந்தப் பயன்பாட்டுக்கு, விற்காமல், சாராயமாக வாலை வடிக்காமல், ஒரு வீட்டில் மாதம் 30 லிட்டர் வரை காய்ச்சலாம். எனவே முறையைச் சரியாகச் சொல்வதில் பயன் உண்டு. முதல் நொதிப்பு அடங்கிய பிறகே பழம் சேர்க்க வேண்டும். ராஸ்பெரி லிட்டருக்கு 100 முதல் 150 கிராம் போதும். செர்ரிக்கு 200 கிராம்; பிரஸ்ஸல்ஸ் நகரின் ஆந்தர்லெக்ட் பகுதியில் 1900 முதல் இயங்கும் கான்டியோன் ஆலையும் தன் செர்ரி பீருக்கு ஏறக்குறைய இந்த அளவைத்தான் பயன்படுத்துகிறது. மாம்பழமும் பீச்சும் 300 கிராம் போட்டாலும் மெல்லிய மணமே தரும். காரணம், பழத்தின் இனிப்பு முழுவதையும் ஈஸ்ட் தின்றுவிடுகிறது. இனிப்பு போன மாம்பழத்தை நம் நாக்கு மாம்பழமாக எளிதில் அடையாளம் காணாது.

பழத்தை ஓர் இரவு உறைய வைத்து எடுத்தால் செல்சுவர் கிழிந்து சாறு எளிதில் இறங்கும். உறைநிலை ஈஸ்டைக் கொல்லாது. காட்டு ஈஸ்ட் பீரில் அதனால் குறையும் இல்லை. செர்ரியைக் கொட்டையோடு போட்டால் பாதாம் மணம் கிடைக்கும். கொட்டையை மட்டும் உடைக்காதீர்கள், உள்ளே இருக்கும் பருப்பு சயனைடு தரக்கூடியது. கலனில் ஐந்தில் ஒரு பங்கு காலியாக இருக்க வேண்டும். இல்லையென்றால் பழச்சதை பொங்கி வந்து, வாயுவை வெளியே விட்டுக் காற்றை உள்ளே விடாத நீரடைப்பான ஏர்லாக்கின் துளையை அடைக்கும், அழுத்தம் ஏறி மூடி தெறிக்கும். மேலே மிதக்கும் பழம் காய்ந்தால் பூசணம் பிடிக்கும். ஆகவே முதல் வாரம் நாளுக்கொரு முறை கலனை மெதுவாகச் சுழற்றிப் பழத்தை நனையுங்கள். திறந்து கிளறினால் காற்று புகும்.

எத்தனையோ நல்ல பீரைக் காடியாக்குவது அந்த ஏர்லாக்கில் இருக்கும் இரண்டு ஸ்பூன் தண்ணீர். நம் வீடுகளின் வெப்பத்தில் அது இரண்டே வாரத்தில் வற்றிவிடும். வற்றியதும் காற்று உள்ளே போகும், காற்றோடு, காடியாக்கும் அசிட்டிக் பாக்டீரியா விழித்துக்கொள்ளும். வாரம் ஒரு முறை பார்த்து நீர் ஊற்றுங்கள். பல மாதம் கிடக்கும் பீருக்குக் கண்ணாடிக் கலனே நல்லது, பிளாஸ்டிக் வாளியின் சுவர் வழியாகவும் ஆக்சிஜன் கசியும்.

புட்டியில் அடைக்கும் நாளை நாள்காட்டி சொல்லாது, திரவத்தின் அடர்த்தியை அளக்கும் ஹைட்ரோமீட்டர்தான் சொல்லும். தண்ணீரின் அடர்த்தி 1.000; சர்க்கரை நொதிக்க நொதிக்க பீரின் அடர்த்தி இறங்கும். ஏல் வகை பீருக்கான சாதாரண ஈஸ்ட் சுமார் 1.010 அடர்த்தியில் நின்றுவிடும். செசோன் என்னும் பெல்ஜியப் பண்ணை பீருக்கான ஈஸ்ட் வகைகள் பலவும், பிரெட்டனோமைசிஸ் என்னும் காட்டு ஈஸ்டும், மற்ற ஈஸ்ட் தொடாத டெக்ஸ்ட்ரின் சர்க்கரையையும் மெல்ல மெல்லத் தின்று 1.002 வரை, சில சமயம் அதற்கும் கீழே இறங்கும். 0.001 இறங்கினால் அரை மடங்கு வாயு. 1.006-இல் அவசரப்பட்டு அடைத்தால், புட்டிக்குள் அது 1.002-க்கு இறங்கும்போது, நுரைக்காக அடைக்கும்போது போட்ட சர்க்கரை தருவதற்கு மேலே இன்னும் இரண்டு மடங்கு சேரும். ஒரு மாத இடைவெளியில் மூன்று முறை அளந்து மூன்றும் ஒன்றாக இருந்தால் மட்டும் அடையுங்கள். அப்போது லிட்டருக்கு 8 கிராம் சர்க்கரை போதும். ஒளி வளைவதை வைத்துச் சர்க்கரையை அளக்கும் ரிஃப்ராக்டோமீட்டரை இந்த வேலைக்கு அப்படியே நம்பாதீர்கள், ஆல்கஹால் கலந்ததும் அதன் அளவு பிசகும்.

இனி சுவைக்கு வருவோம். "புளிப்போ தொழுவ வாடையோ வந்தால் பீர் கெட்டுவிட்டது, கொட்டிவிடுங்கள்" என்று கட்டுரை சொல்கிறது. இந்த வகை பீரின் உயிரே அந்த இரண்டில்தான் இருக்கிறது. 1904-இல் கோப்பன்ஹேகனின் கார்ல்ஸ்பர்க் ஆய்வகத்தில் கிளாவுசன் என்பவர், ஆங்கிலேயரின் பழைய ஏல் பீருக்கு அதன் தனி மணத்தைத் தருவது எது என்று தேடி ஓர் ஈஸ்டைப் பிரித்தெடுத்து, பிரிட்டிஷ் பூஞ்சை என்று பொருள்படும்படி பிரெட்டனோமைசிஸ் எனப் பெயரிட்டார். தானியத் தோலில் இருக்கும் அமிலங்களை அது எத்தில்பீனால்களாக மாற்றுகிறது. குதிரைச் சேணம், ஈர வைக்கோல், கிராம்பு, மெல்லிய புகை என்று மூக்குக்குத் தெரிவதெல்லாம் அவைதாம். பிரஸ்ஸல்ஸ் பக்கத்து லாம்பிக் பீரில் இந்த ஈஸ்ட் காற்றிலிருந்தும் மரப்பீப்பாயிலிருந்தும் தானாக வருகிறது. பண்ணை பீரில் பெரும்பாலும் காய்ச்சுபவரே சேர்க்கிறார்.

கள்ளை அறிந்தவர்களுக்கு இதில் புதிது ஒன்றும் இல்லை. விடியலில் இறக்கினால் இனிக்கும், உச்சிப்பொழுதில் பொங்கும், மறுநாள் காடியாகும். கலயத்தில் சுண்ணாம்பு தடவினால்தான் பதநீர் பதநீராக நிற்கும். எந்தப் புளிப்பு பருவம், எந்தப் புளிப்பு கேடு என்று பனையடியில் நிற்பவர் மூக்காலேயே சொல்லிவிடுவார். பண்ணை பீருக்கும் அந்த மூக்குத்தான் வேண்டும்.

கட்டுரை சொல்வதுபோல் உறையக் குளிர்ந்த நிலையில் குடித்தால் பழமும் பூவும் வாயே திறக்காது. 8 முதல் 12 டிகிரி சரி. குளிர்பதனப் பெட்டியிலிருந்து எடுத்துக் கால் மணி நேரம் கழித்து ஊற்றுங்கள். வாய் குறுகிய, வயிறு அகன்ற கண்ணாடிக் கிண்ணம் நல்லது. சோப்பு நெடி போக அலசியிருக்க வேண்டும். அடி மண்டி ஒரு விரல் அளவு புட்டியிலேயே நிற்கட்டும். முதல் மோப்பம் கிண்ணத்தை ஆட்டாமல். பூ மணம் அப்போதுதான் கிடைக்கும், அதுதான் முதலில் பறக்கும். பிறகு ஒரு சுழற்று. பழம் வரும், அதன் பின்னால் மசாலா, கடைசியில் தொழுவம். தொழுவம் முன்னால் வந்து பழத்தை மூடிவிட்டால் பீருக்கு வயதாகிவிட்டது என்று பொருள். ராஸ்பெரி பீரின் சிவப்பு செங்கல் நிறத்துக்கு மாறியிருந்தாலும் அப்படியே.

வாயில் வைத்ததும் புளிப்பின் வகையைப் பிரித்தறியுங்கள். தயிர்போல, புளித்த இட்லி மாவுபோல நாக்கின் இருபக்கமும் மென்மையாக ஊறினால் லாக்டிக் அமிலம், அது வேண்டியதே. மூக்கில் குத்தித் தொண்டையை எரித்தால் அசிட்டிக். அது துளி இருக்கலாம், முன்னால் நின்றால் குறை. நகச்சாய நெடி, வாந்தி வாடை இரண்டும் எந்த அளவிலும் குறைதான். பீர் எண்ணெய்போல வழுவழுவென்று நூலாக இழுபட்டால் அது பீடியோகாக்கஸ் பாக்டீரியாவின் வேலை. பிரெட்டனோமைசிஸ் உடன் இருந்தால் சில மாதத்தில் தானே சரியாகும், கொட்ட வேண்டாம்.

பலரை ஏமாற்றும் குறை ஒன்று உண்டு. எலிவாடை என்பார்கள். மோந்தால் தெரியாது, வாயிலும் உடனே தெரியாது. விழுங்கி இருபது முப்பது நொடி கழித்து, நாக்கின் அடியில் ஊறிய சோளப்பொரிபோல, எலிக்கூண்டுபோலக் கிளம்பும். பீரின் அமிலத்தில் அந்தப் பொருள் ஆவியாகாது. எச்சில் அமிலத்தைக் குறைத்த பிறகே வெளிப்படும். அதனால் முதல் மிடறை விழுங்கி அரை நிமிடம் சும்மா இருந்து பாருங்கள். புட்டியில் அடைக்கும்போது ஆக்சிஜன் பட்டால் இது வரும். பெரும்பாலும் மூன்று முதல் ஆறு மாதம் வைத்திருந்தால் மறையும்.

மசாலா பற்றிக் கட்டுரை சொன்னதிலும் ஒரு பிழை. தூர்ப் என்னும் ஊரில், 1844 முதல் பண்ணையாகவும் மதுவாலையாகவும் இருந்துவரும் இடத்தில் காய்ச்சப்படும் செசோன் டுபோனில் மிளகு சேர்க்கிறார்கள் என்று எழுதியிருக்கிறது. சேர்ப்பதில்லை. அந்தக் காரமும் கிராம்பு மணமும் ஈஸ்ட் தருபவை. உண்மையிலேயே பூவும் மூலிகையும் சேர்க்கும் ஆலை வேண்டுமென்றால், 1988-இல் சுவா என்ற சிற்றூரில் தொடங்கிய ஃபான்டோமைச் சொல்லியிருக்கலாம்.

ஈஸ்டே இவ்வளவு மசாலா மணம் தருவதால், நாம் சேர்ப்பது அதன் நிழலில் நிற்க வேண்டும். 20 லிட்டருக்கு மிளகு 4 கிராம், கொத்தமல்லி விதை 10 முதல் 15 கிராம், ஆரஞ்சுத் தோல் 15 கிராம், அன்னாசிப்பூ ஒன்றில் கால்வாசி. கொதி முடிய ஐந்து நிமிடம் இருக்கும்போது, ஒன்றிரண்டாக இடித்துப் போட வேண்டும். பொடியாக்கினால் கசக்கும். கொத்தமல்லியில் நமக்கு ஒரு வாய்ப்பு இருக்கிறது: உருண்டையான மொராக்கோ விதையைவிட நீள்வட்டமான இந்திய விதையில் எலுமிச்சை மணம் தூக்கலாக இருக்கும். மேல்நாட்டு வீட்டுக் காய்ச்சுநர்களும் இந்திய மளிகைக் கடையில்தான் அதைத் தேடி வாங்குகிறார்கள். புது விதையாக இருக்கட்டும். பழசானாலோ அளவு மிஞ்சினாலோ பீரில் செலரித் தண்டு, பதப்படுத்திய இறைச்சி வாடை வரும், பிறகு அதை எடுக்க வழியில்லை.

பூவைக் கொதியில் போடுவது வீண். நொதிக்கும்போது போட்டாலும் வெளியேறும் வாயு மணத்தை இழுத்துக்கொண்டு போய்விடும். எல்லாம் அடங்கிய பின், அடைப்பதற்கு மூன்று நாள் முன்பு, உலர்ந்த பூவைத் துணிப்பையில் கட்டி ஊற வைக்க வேண்டும். சாமந்தி இனத்துக் கெமோமில் லிட்டருக்கு அரை முதல் ஒரு கிராம். லாவெண்டர் கால் கிராமைத் தாண்டினால் சோப்பு. ரோசெல் என்று இங்கே விற்கும் சிவந்த புறவிதழ் 5 முதல் 8 கிராம். நிறத்தோடு புளிப்பையும் தரும், ஆகவே ஏற்கெனவே புளித்த பீரில் பாதியாகக் குறையுங்கள்.

பூவிலிருந்து காட்டு ஈஸ்டைப் பிடிக்க விரும்புவோர், முளைகட்டிய தானியத்திலிருந்து எடுத்து, ஹாப்ஸ் என்னும் கசப்புப் பூ சேர்த்த, 1.030 அடர்த்தியுள்ள மால்ட் சாற்றை லாக்டிக் அமிலத்தால் பிஎச் 4.5-க்குக் கீழே இறக்கிவிட்டுப் பூவைப் போடுங்கள். அமிலம் சேர்க்காத சாற்றில் முதல் வாரங்களில் குடல்வாழ் பாக்டீரியாக்கள் பெருகும். ஒரு மாதம் ஆகி, அடர்த்தி நன்றாக இறங்கும் வரை நாக்கில் வைக்கக் கூடாது. பூசணம் கண்டால் முழுவதையும் கொட்டுங்கள்.

கடைசியாக, கட்டுரையோடு வந்த படம். பீர்க் கிண்ணத்தைச் சுற்றி அழகுக்காக வைத்திருந்த இளஞ்சிவப்புப் பூ அரளி. அதன் பூ, இலை, தண்டு எல்லாம் இதயத்தைத் தாக்கும் நஞ்சு. காய்ச்சினாலும் உலர்த்தினாலும் அது போகாது. படத்தைப் பார்த்து யாராவது அதையே பறித்துப் போட்டுவிடக் கூடாது. மாலைக் கடை ரோஜாவும் ஆகாது, உண்பதற்கென வளர்க்காத பூவில் பூச்சிமருந்து தங்கியிருக்கும். பெட்டிச் செய்திக்கும் இந்தப் படத்துக்குமான திருத்தத்தை அடுத்த ஞாயிறு வரை தள்ளாமல், நாளைய இதழிலேயே வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
வீட்டில் பீர் காய்ச்சும் வாசகர்கள் சிலர்,
சிங்கப்பூர்.